முளையிலிருந்து இருபது அடி

ஆராய்ச்சிப் பண்ணையில் அவரை எல்லோரும் ‘மண்புழு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. மேய்ச்சல் நிலத்தைப் பன்னிரண்டு துண்டாக்கி, மாடுகளை மாற்றி மாற்றி மேயவிட்டால் மண் தேறுமா என்பதுதான் எங்கள் ஆய்வு. துண்டுக்கு ஓர் இரும்பு முளை அடித்திருக்கும். வருடம் ஒருமுறை அதனருகே குழாயை இறக்கி மண் எடுப்பது ஒன்பது வருடமாக அவர் வேலை. மண்ணின் வளத்தைக் காட்டும் கரிமச்சத்து வருடா வருடம் ஏறியது. அந்த ஏற்றத்தைக் காட்டும் வரைபடத்தின் நகலை வீட்டு அலமாரியில் ஒட்டியிருந்தார். மருமகன் வந்தபோது அதைத்தான் முதலில் காட்டினாராம்.

இந்த வருடம் அவருக்கு முழங்கால் வலி. பை தூக்க நான் கூடப் போனேன். முளையைத் தாண்டி மர நிழலுக்கு நடந்தார்.

“அண்ணே, முளை அங்க இருக்கே?”

“அங்க பாறை மாதிரிம்மா, குழாய் வளைஞ்சிடும். இங்க வெண்ணெயா இறங்கும். இருபது அடிதானே, எல்லாம் ஒரே மண்ணுதான்.”

மாடுகள் படுத்து, சாணமும் மூத்திரமும் ஊறிய மண் அது; கரிமச்சத்து ஏறத்தான் செய்யும். பன்னிரண்டிலும் அப்படித்தானாம். முதல் வருடம் மட்டும் முளையருகே எடுத்தாராம். பிறகு குளம்பு பட்டுப் பட்டு நிலம் இறுகிவிட்டதாம். நாங்கள் தேடிய விடையே அந்த இறுக்கம்தான். அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. மூன்று வருடமாக அவர் கொண்டுவந்த பைகளை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தபடியே வாங்கியவள் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. உட்கார்ந்து செய்யும் வேலை என்று அப்பாவுக்கு அத்தனை பெருமை.

என் ஆய்வேடும் அந்த எண்களின்மேல்தான் நின்றது. இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. பிறகு பேசியது நேர்மையாலா, நாளை வேறு யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தாலா, இன்னும் தெரியவில்லை. முதலில் அவரிடம் சொன்னேன்.

குழாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அப்ப மண்ணு தேறலையாம்மா?”

“முளைகிட்ட எடுத்தாத்தாண்ணே தெரியும்.”

மறுநாள் சம்மட்டியோடு தனியாகப் போனார். நானும் வருகிறேன் என்றதற்குக் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். இரண்டு நாள் கழித்து என் மேசையில் பன்னிரண்டு பைகள், வெளிறிய கட்டிகள். கரிமச்சத்து முதல் வருடத்தைவிடக் குறைந்திருந்தது.

இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வு நின்றது. யாரும் அவரைத் திட்டவில்லை. பால் வண்டி வரும் வாசல் வேலைக்கு மாற்றினார்கள். போகும்முன் மடித்த காகிதம் ஒன்றை என் மேசையில் வைத்தார்.

“ஆபீஸ் சாமான்மா. நீங்களே வச்சுக்குங்க.”

பிரித்தேன். வரைபடம். நான்கு மூலை டேப்பிலும் அலமாரியின் பச்சைப் பெயிண்ட் உரிந்து வந்திருந்தது.