அம்மாவின் இமைகள்

காலையில் அம்மா நன்றாகத்தான் இருப்பாள். ஸ்பிரிங்வெளி மலையில் பனி விலகுமுன்பே கூடையோடு தேயிலைக் கொழுந்து எடுக்க ஏறிவிடுவாள். பொழுது சாயும்போதுதான் வேறு ஆளாகிவிடுவாள். இமைகள் தாமாக இறங்கிப் பாதிக் கண்ணை மூடும். ரொட்டியை மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வாள். பேச்சு குழறும்.

காரணம் கண்டுபிடிக்க, வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாரும் சிரமப்படவில்லை. குடிக்கிறாள் என்றார்கள். அதை முதலில் சொன்னவர் சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த மாமா. சொல்லும்போது அவரால் சரியாக நிற்க முடியவில்லை.

பதுளை ஆஸ்பத்திரிக்கு அம்மா இரண்டு தடவை போய்வந்தாள். விடியற்காலை பஸ்ஸில் போய், வரிசையில் உட்கார்ந்து இளைப்பாறி, டாக்டர் முன்னால் போகும்போது கண்கள் பளிச்சென்று திறந்திருக்கும். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

மூன்றாம் தடவை என்னையும் கூட்டிப்போனாள். டவுனுக்கு வெகு முன்பே பஸ்ஸை நிறுத்தி இறங்கினாள்.

"ஏம்மா இங்க இறங்குற?"

"களைச்சுப் போனாத்தான் இந்த வியாதி வெளிய வரும். இன்னிக்கு அவங்க கண்ணால பாக்கட்டும்."

வழி நெடுக உரக்க ஞானப்பாட்டு பாடிக்கொண்டே வேகமாக நடந்தாள். எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்க்க, எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆஸ்பத்திரியிலும் அவள் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா கூப்பிட்டபோது இரண்டு இமைகளும் விழுந்திருந்தன.

"நான்... குடிக்கல" என்றாள் அம்மா. அந்த இரண்டு சொல்லும் குழறித்தான் வந்தன.

"தெரியுதும்மா" என்றார் டாக்டர்.

ஓர் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில், ஜன்னல் திரையை யாரோ உயர்த்துவதுபோல அம்மாவின் இமைகள் மேலேறின. நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து டாக்டர் சிரித்தார்.

"இது மந்திரமில்ல மகள். நரம்பும் சதையும் ஒட்டிக்கிட்டு இல்ல. நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு. நரம்பு அதுல ஒரு ரசாயனத்தை விடும். அதைச் சதை வாங்கினாத்தான் அசையும். அம்மா உடம்பு, வாங்குற அந்த இடங்களையே தாக்கி அழிக்குது. மிஞ்சினது கொஞ்சம்தான். இந்த மருந்து, ரசாயனம் சீக்கிரமா கரைஞ்சு போகாம கொஞ்ச நேரம் தடுத்து வைக்கும். மாத்திரையும் இதே வேலைதான் செய்யும். ஆனா விடாம போடணும்."

அம்மாவின் கன்னத்தில் நீர் வழிந்தது. நான் பயந்துபோய் நர்ஸைப் பார்த்தேன்.

"இந்த மருந்துக்குக் கண்ணுல தண்ணி வரும், பயப்படாத" என்றார் அவர்.

சில நாள் வார்டில் இருந்துவிட்டு ஒரு சாயங்காலம் வீடு திரும்பினோம். அம்மா நேராக மாமாவின் வாசலுக்குப் போனாள்.

"அண்ணே, எனக்கு இருக்கிறது நரம்பு வியாதி. டாக்டரம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லுங்க."

ஒரு சொல்கூடக் குழறவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் கண்களில் நீர் நிறைந்திருந்தது.

மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று நான் நிம்மதியடைந்தேன்.