நானா வாங்கிய பிஸ்கட்

"இந்த அலுமாரியிலுள்ள பாண், கோதுமை மா, நூடில்ஸ், பிஸ்கட் யாவும் இன்று முதல் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொந்தம். பூட்டின் திறப்பும் கொடுத்தாயிற்று. நிசான் 14, முற்பகல் 9.40."

அப்பாவின் கையெழுத்திலுள்ள இந்தத் துண்டில் யூத மாதமும் நாளும் உண்டு, ஆங்கில ஆண்டு இல்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம், கொழும்பு வெள்ளவத்தை. அவ்வளவு நிச்சயம். நாங்கள் கொச்சியிலிருந்து வந்த யூதக் குடும்பம். எகிப்திலிருந்து முன்னோர் விடுதலையானதைக் கொண்டாடும் பெசாக் பண்டிகையின் எட்டு நாளும் புளித்த மாவுப் பண்டம் எங்களுக்கு உடைமையாக இருக்கக்கூடாது. எறிய மனமில்லாததைப் பூட்டி, வேற்று மதத்தவருக்கு விற்று, பிறகு திரும்ப வாங்கிக்கொள்வோம். எங்களிடம் வாங்குபவர் பக்கத்து வீட்டு நானா. காலி வீதியில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம்; அண்ணன் முறையில் நானா என்போம்.

பிற்பகல் இரண்டு மணி. வீடெல்லாம் கழுவித் துடைத்தாயிற்று. அம்மா புளிப்பில்லா ரொட்டியையும் சுட்டு முடித்திருந்தார். அப்போது இராணுவம் சோதனைக்கு வந்தது. அலுமாரியைத் திறக்கும்படி அதிகாரி சிங்களத்தில் சொன்னார். அந்தக் காலத்தில் யாரும் சொல்லக்கூடாத பதிலை அப்பா அதே மொழியில் சொன்னார்: உள்ளே இருக்கும் சாமான் தன்னுடையதல்ல, திறப்பும் தன்னிடம் இல்லை.

பூட்டை உடைக்க அதிகாரிக்கும் தயக்கம். உள்ளே என்ன வெடிக்குமோ. அப்பாவைப் பொலிசுக்கு வரச் சொன்னார். பொழுதுபடுமுன் அவர் திரும்பாவிட்டால் அன்றிரவு தொடங்கும் பண்டிகையின் விருந்தை நடத்த ஆளில்லை.

"நீங்களே உடையுங்கோவன் அப்பா," என்றேன்.

"மற்றவன்ட பூட்டை நான் எப்பிடி உடைக்கிறது?"

அம்மா கடைக்குத் தொலைபேசி எடுத்தார். கால்மணி நேரத்தில் நானா முச்சக்கர வண்டியில் வந்து இறங்கி, திறப்பை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "என்ட சாமான்தான் சேர், காலைல வாங்கின." திறந்து காட்டியதோடு நிற்கவில்லை. "கன்ன மல்லி, கன்ன," சாப்பிடு தம்பி என்று சிங்களத்தில் சொல்லி, பிஸ்கட் டின்னை நான்கு சிப்பாய்களிடமும் நீட்டினார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. வருடாவருடம் பேருக்கு நடந்த விற்பனை அன்றுதான் மெய்யாயிற்று. அம்மாதான் விளக்குமாற்றோடு பாய்ந்தார்.

"ஐயோ, தூள் விழும்! ரோட்டில நிண்டு சாப்பிடுங்கோ!"

தோளில் துவக்கும் கையில் பிஸ்கட்டுமாக இராணுவம் படியிறங்கியது. அதிகாரியும் சிரித்துவிட்டார்.

"நீங்க யாரெண்டு காட்ட ஐடென்டிட்டி கார்ட் தேவல்ல தங்கச்சி, இந்த வெளக்குமாறே போதும்," என்றார் நானா.

விருந்து நேரத்துக்கு நடந்தது. எட்டு நாள் கழித்து சாமானைத் திரும்ப வாங்கியபோது, நானா கையோடு கொண்டுபோயிருந்த டின் வெறுமையாகத் திரும்பியது. எல்லாம் சிப்பாய்கள் தின்றது என்றார் நானா. ஆளுக்கொன்றுதான் எடுத்தார்கள் என்பது அம்மாவின் சாட்சியம். மீதியை யார் தின்றது என்பதை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.