தாலி பதிவாகாத கல்யாணம்

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் 'நிர்மலா வீடியோஸ்' என்று போர்டு போட்ட கடைக்கு ஹரிகிருஷ்ணன்தான் முதலாளி, தொழிலாளி, வாட்ச்மேன் எல்லாம். வேலை பார்த்த மில்லை மூடியபோது கையில் வந்ததைக் கொண்டு சிலர் ஆட்டோ வாங்கினார்கள், சிலர் மாடு வாங்கினார்கள், சிலர் சாயங்காலம் ஆனால் வேறொன்றும் வாங்கினார்கள். இவர் ஒரு வீடியோ கேமரா வாங்கினார். கடைக்குப் பெண்டாட்டி பெயரை வைத்தார். அந்தப் பெயருக்கு ஒரு பங்கமும் வராமல் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வருஷக்கணக்கில் எடுத்துத் தள்ளினார்.

அவர் எடுத்ததில் குறை என்று எவரும் சொன்னதில்லை. மேடை ஏறும் சொந்தக்காரர் மொய்க்கவரை நீட்டிய கையை மடக்காமல் கேமராவையே பார்த்து நிற்பார். இவரும் அந்த முகத்தில் லைட்டை அடித்துக்கொண்டு நிற்பார். பந்தியில் சாப்பிடுகிறவர் வாயைத் திறந்தபடி நிமிர்வார், அதையும் விடமாட்டார். கடைசியில் மிக்சிங்கில் ரோஜாப்பூ கொட்டும், இதயம் பறக்கும், பெண்ணும் மாப்பிள்ளையும் பனிமலைக்கு முன்னால் நிற்பார்கள். கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிற மாப்பிள்ளைக்குப் பனிமலையில் என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை.

கெட்ட காலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில், ஒரு திரைப்படச் சங்கம் இருந்தது. அதன் ஆண்டு விழாவை எடுக்க இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். விழா முடிந்ததும் விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். முடிவில் போண்டா கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஹரிகிருஷ்ணனும் உட்கார்ந்தார். போண்டா வரவில்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு அம்மாள் வந்தாள்.

சண்டைக்குப் போன மகன் திரும்பி வருகிறான் என்று அந்த அம்மாள் தூக்குவாளியோடு ரயிலடிக்குப் போகிறாள். ரயில் சத்தம் கேட்கிறது. கேமரா அசையவே இல்லை. வாளியைப் பிடித்திருக்கும் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ரயிலைக் காட்டுடா பாவி என்று ஹரிகிருஷ்ணன் வாய்க்குள்ளேயே திட்டினார். ஆட்கள் இறங்குகிற சத்தம், சிரிப்பு, விசில், ரயில் கிளம்புகிற சத்தம். பிறகு அந்தக் கை வாளியை மெதுவாக பெஞ்சின்மேல் வைக்கிறது. அவ்வளவுதான் படம். விளக்கு போட்டபோது அழுதுகொண்டிருந்தவர் ஹரிகிருஷ்ணன் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் நிறையப் படித்தவர்கள், எழுந்து சோம்பல் முறித்தார்கள்.

சங்கத்தை நடத்தியவர் ரிட்டையரான பிரெஞ்சு வாத்தியார். எல்லோருக்கும் அவர் மெஸ்யே, பிரெஞ்சில் ஐயா. படம் முடிந்ததும் விளக்கம் சொல்வது அவர் வழக்கம். அன்று அவர் சொன்னது இதுதான்: "கேமரா நடக்கறத பாக்கக் கூடாது. நடக்கறது யார்மேல விழுதோ, அவங்க மூஞ்சிய பாக்கணும்."

மந்திரம் மாதிரி அது ஹரிகிருஷ்ணன் காதில் விழுந்தது. அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. திங்கட்கிழமை நிர்மலா மீன் ஆயும்போது எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, உலகப் படங்களைப் பற்றித் தாம் கண்டுபிடித்ததையெல்லாம் சொல்வார். பரிசு வாங்கிய படத்தில் யாரும் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிடுவதில்லையாம். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசுவதில்லையாம். நடுவில் தூங்கி எழுந்தாலும் அதே ஆள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், அது ரொம்பப் பெரிய பரிசு வாங்கிய படமாம்.

நீயும்தான் நான் பேசும்போது சுவரைப் பார்க்கிறாய், உனக்கு யார் பரிசு கொடுத்தார்கள் என்பதை நிர்மலா கொஞ்சம் மரியாதையாகக் கேட்டாள். அவருக்கு ஒரே சந்தோஷம். இது அப்படியே உலகப்பட வசனம் என்றார். அவள் மீன் கழுவிய தண்ணீரை அவர் காலருகே ஊற்றினாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் கார்குழலிக்குக் கல்யாணம் வந்தது. கார்குழலி, நிர்மலாவின் அண்ணன் கமலக்கண்ணனின் மகள். கமலக்கண்ணனுக்குப் பாகூர்ப் பக்கம் கரும்பு, கொஞ்சம் நெல். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் நிர்மலாவை வளர்த்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். பொங்கலுக்குப் பொங்கல் அரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, புடவை என்று சீர் வரிசையைத் தன் வண்டியில் கட்டிக்கொண்டு அவரே வருவார். அன்றைக்கு நிர்மலா விடிந்ததிலிருந்து வாசலிலேயே நிற்பாள். அவளுக்குத் தாய்வீடு என்று இருந்ததெல்லாம் அந்த வண்டிச் சத்தம்தான். தங்கையைக் கமலக்கண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எப்போதும் பாப்பாதான்.

ஆள் கல். பெற்ற தாய் செத்தபோதே வரட்டி வந்ததா, பந்தல்காரன் வந்தானா என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்தவர் ஊரில் யாரும் இல்லை.

2006 ஆவணியில், விழுப்புரம் ரோட்டு மண்டபத்தில் கல்யாணம். தங்கை மாப்பிள்ளையே வீடியோ எடுக்கும்போது வெளி ஆள் எதற்கு என்று கமலக்கண்ணன் பெருமையோடு சொல்லியிருந்தார். ஹரிகிருஷ்ணன் அன்றைக்குக் கல்யாணம் எடுக்கப் போகவில்லை. படம் எடுக்கப் போனார். மண்டப வாசலில் குவிந்த செருப்புகளை எடுத்தார். மழைத் தண்ணீரில் ஆடிய சீரியல் பல்பை எடுத்தார். புதுப்புடவை கட்டி மேடை ஏறிய சொந்தக்காரர்கள் கவரை நீட்டிக்கொண்டு காத்து நின்றபோது, வாங்கிப் பையில் போடுகிறவரின் களைத்துப்போன விரல்களை எடுத்தார்.

ஐயர் கெட்டிமேளம் சொன்னார். ஊரே மேடையைப் பார்த்தது. ஹரிகிருஷ்ணனும் பார்த்தார், உடனே மெஸ்யே சொன்னது ஞாபகம் வந்தது. இது யார்மேல் விழுகிறது? திரும்பினார். கூட்டத்துக்குப் பின்னால், தூணின் மறைவில், கமலக்கண்ணன் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அழுகிற அழுகை. மேளம் ஓய்ந்து, அட்சதை விழுந்து, அவர் முகத்தைத் துடைத்து மறுபடி கல் ஆகும்வரை கேமரா அங்கிருந்து நகரவில்லை. ஹரிகிருஷ்ணனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வாழ்க்கையில் தாம் எடுத்ததிலேயே பெரிய ஷாட் இதுதான் என்று நினைத்தார். அதில் பொய் ஒன்றுமில்லை.

புரட்டாசியில் சிடி தயாரானது. பாட்டு கிடையாது, ரோஜா கிடையாது. கமலக்கண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, மிக்சர், காபியோடு சொந்தபந்தமெல்லாம் தங்களைப் பார்க்க வந்து உட்கார்ந்தது. முதலில் செருப்பு வந்தது. நிறைய நேரம் செருப்பே வந்தது. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்ட சித்தப்பா ஒருத்தர், தம்முடைய செருப்பை மட்டும் அடையாளம் கண்டுகொண்டார். இது மண்டபத்து விளம்பரமா என்று ஒரு அத்தை சந்தேகம் கேட்டாள். பிறகு கெட்டிமேளச் சத்தம் கேட்டது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். டிவியில் ஒரு தூண். தூணோரம் கமலக்கண்ணன்.

கூடத்தில் மிக்சர் மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. கமலக்கண்ணன் எழுந்து போய் டிவியை அணைத்தார். திரும்பி ஹரிகிருஷ்ணனிடம் சொன்னார்:

"எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறுனத காணோம். எங்கண்ணுல தண்ணி ஊத்துனது மட்டும் இருக்குது. நல்லாருக்குது மாப்ள."

பிறகு அடுக்களை வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தார். "நிர்மலா, உம் வீட்டுக்காரர இட்டுகினு கெளம்பு."

அவளைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் வரும்போது நிர்மலா ஒரு வார்த்தை பேசவில்லை. ஹரிகிருஷ்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை அது உலகப்படம் மாதிரி இருப்பதாக அவர் சொல்லவில்லை.

தீபாவளிக்கு அங்கிருந்து ஒரு போன்கூட இல்லை. பொங்கலன்று நிர்மலா விடியற்காலையிலேயே கோலம் போட்டு, தலை குளித்து, வாசலில் போய் நின்றாள். தெருவில் போன ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலை திரும்பியது. வெயில் ஏறிற்று. சீர் வரவில்லை. உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஹரிகிருஷ்ணனுக்கு, நிலைக்கட்டையில் ஊன்றிய அந்தக் கையும், ஈர முடியும், வெளியே அடித்த வெளிச்சமும், மெஸ்யே போட்ட எந்தப் படத்திலும் வராத காட்சியாகத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தம்மையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அவள் கடை வெல்லத்தில் பொங்கல் வைத்தாள். இரண்டு பேருமே முழுசாகச் சாப்பிடவில்லை.

வழி ஒன்று பாரிசிலிருந்து வந்தது. கார்குழலி மாப்பிள்ளையின் பெரியம்மா அங்கே குடியிருப்பவர். கல்யாணத்துக்கு வர முடியாமல் போய், தை கடைசியில் வந்து இறங்கினார். இறங்கியதும் தாலி கட்டிய சிடியைக் கேட்டார். இல்லை என்றதும், இல்லாவிட்டால் மறுபடி கட்டச் சொல்லி எடுத்துவிடுவதுதானே, நானும் இருப்பேனே என்றார். வேறு வீடியோக்காரரைக் கூப்பிட்டால் சங்கதி தெரிந்து புதுச்சேரியே சிரிக்கும். கெடுத்தவரே வந்து சரி பண்ணட்டும் என்று உன் அண்ணன் சொல்கிறார், நீயும் வா என்று அண்ணி வசந்தா நிர்மலாவுக்குப் போன் செய்தாள்.

கமலக்கண்ணன் வீட்டு மொட்டைமாடியில் மேடை போட்டார்கள். கட்டிய தாலியைக் கழற்றக் கூடாது என்பதால் அதைப் புடவைக்குள் தள்ளி, மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு ஒன்றை மாப்பிள்ளை இன்னொரு தரம் கட்டினார். செருப்பாகவும் விரலாகவும் மட்டுமே பதிவான சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதே பட்டுப்புடவையில் வந்து, வரிசையில் நின்று, காலிக் கவரை நீட்டிக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். மோதிரம் போட்ட சித்தப்பா, போட்ட மோதிரத்தைக் கழற்றி வாங்கி மறுபடி போட்டார். ஹரிகிருஷ்ணன் சொன்னபடி கேட்டார். ஒவ்வொரு முகத்திலும் லைட்டை அடித்தார். கமலக்கண்ணன் அவரிடமும் பேசவில்லை, தங்கையிடமும் பேசவில்லை. நிர்மலா பின்னால், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

கடைசியாகப் பாரிஸ் பெரியம்மா மேடை ஏறினார். கவரை நீட்டினார், சிரித்தார், சரியாக விழுந்ததா என்று கேட்டு மறுபடி நீட்டினார். அப்போது ஹரிகிருஷ்ணனின் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"சாப்ட்டியா பாப்பா?"

 மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

"அன்னிக்கு எதுக்கு அழுவுனேன்னு தெரிமா? ஒன்ன கட்டிக்குடுத்தப்போ பந்தி, பாத்திரம்னு ஓடிகினே இருந்தேன். அழுவக்கூட நேரமில்ல. அதுவும் சேத்து அன்னிக்கு வந்துடுச்சு. அத போயி டிவில போட்டா, எனக்கு எப்டி இருக்கும்?"

நிர்மலா வாய்விட்டு அழுதாள். கல்லும் அழுகிற மாதிரிதான் சத்தம் வந்தது. மெஸ்யே காதுக்குள் கத்தினார். கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஆனால் லைட்டு அங்கே விழுந்தால் மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். இறங்கினால் இனி எந்தப் பொங்கலுக்கும் வண்டி வராது. ஹரிகிருஷ்ணன் பெரியம்மாவின் காலிக் கவரைக் கண் இமைக்காமல் எடுத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம்தான் சிரிப்பது என்று அந்த அம்மாளே அலுத்து இறங்கும்வரை எடுத்தார்.

படம்தான் திரும்பவில்லையே தவிர, கேமரா மைக்கில் எல்லாம் பதிவாகியிருந்தது. கடையில் தனியாக உட்கார்ந்து ஒரு தரம் கேட்டார். காலிக் கவரும் சிரித்த முகமும் முன்னால். பின்னால் அந்த இரண்டு குரல்கள். மெஸ்யேவிடம் காட்டினால் எழுந்து நின்று கும்பிடுவார். ஹரிகிருஷ்ணன் மிக்சிங்காரரிடம் போய், அந்த இடத்துக்கு இருப்பதிலேயே பெரிய சத்தமுள்ள பாட்டாகப் போடு, ரோஜாவும் கொட்டு என்று சொன்னார். வேலை முடிந்ததும், அந்தக் குரல்கள் இருந்த கேமரா கேசட்டின் மேலேயே, சாரம் பகுதியில் நடந்த ஒரு காதுகுத்தை எடுத்தார்.

மறுபடியும் பாய், மிக்சர், காபி. பனிமலை வந்ததும் கைதட்டல். இதுதான்யா வீடியோ என்றார் சித்தப்பா, தம்மைப் பார்த்துக்கொண்டே. பெரியம்மா கவரை நீட்டிக்கொண்டு வந்தபோது கமலக்கண்ணன் முகம் வெளிறிப்போயிற்று. கைத்துண்டை இறுக்கிப் பிடித்தார். ஸ்பீக்கர் அதிரப் பாட்டு வந்தது, ரோஜாவாகக் கொட்டியது, பாட்டைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அவர் பிடி மெல்லத் தளர்ந்தது.

ஹரிகிருஷ்ணன் அப்போது டிவியைப் பார்க்கவில்லை. மச்சான் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கமலக்கண்ணன் திரும்பினார்.  பிறகு தம்முன் இருந்த மிக்சர் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்கங்க மாப்ள," என்றார்.