அறுபத்தொரு சென்டிமீட்டர்

சிகாசாக்கி கடற்கரைக் கடைத்தெருவில் கமோஷிதாவிடம் முகச்சவரத்துக்கு உட்காருகிறவன் ஒன்றைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். கத்தி தொண்டைக்குழிக்கு வந்ததும் மனிதர் கிட்டாரைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். அந்த நேரத்தில் எவன் மறுத்துப் பேசுவான்? நாற்பது வருஷமாக அவர் ஒரு வாதத்திலும் தோற்றதில்லை என்றால் அதற்குக் காரணம் கத்திதான், ஞானம் இல்லை என்று அவர் மனைவி மிசாவோ சொல்வாள்.

கண்ணாடிக்கு மேலே மூன்று எலெக்ட்ரிக் கிட்டார்கள் தொங்கும். மூன்றும் குட்டை. தந்தி ஓடும் நீளம், கழுத்து உச்சியிலிருந்து உடம்பில் தந்தியைத் தாங்கும் பாலம் வரை, சரியாக அறுபத்தொரு சென்டிமீட்டர். ஊரில் மற்றவன் வைத்திருப்பதெல்லாம் அறுபத்தைந்துக்குக் கொஞ்சம் கம்மி. இந்த நாலு சென்டிமீட்டரை வைத்துக்கொண்டுதான் மனிதர் வாழ்நாளை ஓட்டினார்.

"இடது பக்கம் இருக்காளே, அவ பெரிய இடத்துப் பொண்ணு," என்பார் கன்னத்தில் நுரையைத் தடவிக்கொண்டே. "வைப்ரேட்டோ கம்பி பாலத்தோட ஒட்டாம, கீழ தள்ளித் தனிக்குடித்தனம். கம்பியை லேசா அமுக்கினா தந்தி எல்லாம் சேர்ந்து தளரும், சுருதி அலை மாதிரி இறங்கி ஏறும். பாலமும் கூடவே சாயும். சாஞ்சு, சொன்ன சொல் தவறாம பழைய இடத்துக்கே வந்து நிக்கும். நடுவுல இருக்கறவன் முரடன். ரெண்டு தூண் மேல ஒரு உருளை. தொட்டாலே பாய்வான், திரும்பி வரப்போ வீடு மாறிப் போவான். அந்தக் கடைசி ஒண்ணு, நான் பள்ளிக்கூடத்துல படிக்கறப்போ வாங்கினது. ஒரு தகட்டை வளைச்சு ஸ்பிரிங்குன்னு பேர் வச்சிருக்கான். அதுல கம்பி மாட்டினது மரியாதைக்கு."

கத்தி விலகிய இடைவெளியில் யாராவது கேட்பார்கள். "ஆமா கமோஷிதா சான், எல்லாமே ஏன் குட்டை?"

"தொனிக்காக!" என்பார். சொல்லிவிட்டு முகத்தின் மேல் சூடான துண்டைப் போட்டு மூடிவிடுவார்.

தொனியாம், தொனி. அந்தக் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சீப்பைப் பிடித்தால் சீப்புதான் பெரிதாகத் தெரியும். சுண்டுவிரல் என்று ஒன்று இருக்கிறதே, அது பாதியிலேயே போதும் என்று நின்றுவிட்டது. ஆனால் மனிதர் வாயிலிருந்து குட்டை என்ற வார்த்தை வந்ததில்லை. சவரம் செய்ய ஏறி நிற்கும் மரப்பலகை வாடிக்கையாளரின் தாடைக் கோணத்துக்காக. உச்சி அலமாரியை ஒழித்துக் கீழே வைத்துக்கொண்டது புழுதிக்காக. 'எட்டவில்லை' என்று மட்டும் அவர் சொல்லிக் கேட்டவர் யாரும் கிடையாது.

கடைக்குப் பின்கட்டில் மிசாவோ துணி திருத்தித் தைக்கிற வேலை செய்தாள். கமோஷிதா புதுக் கால்சட்டை வாங்கினால் மடித்து அவள் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போவார். ஒன்றும் சொல்லமாட்டார். மறுநாள் அது ஏழு சென்டிமீட்டர் குறைந்து அவர் அலமாரிக்கு வந்திருக்கும். அவளும் ஒன்றும் சொல்லமாட்டாள். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷமாக இப்படியே ஓடுகிறது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அந்த வீட்டில் அதுதான் அன்னியோன்னியம்.

கமோஷிதாவுக்கு அறுபது வயது நிறையும் நாள் வந்தது. அந்த நாட்டு வழக்கப்படி அறுபது நிறைந்தவனுக்குச் சிவப்பு மேலங்கியும் சிவப்புத் தொப்பியும் மாட்டி உட்காரவைத்துப் படம் பிடிக்க வேண்டும். அதை மாட்டியவன் பழுத்த மிளகாய்போல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "எவனாவது எனக்கு அந்தச் சட்டையைக் கொண்டுவந்தீங்க, அடுத்த தடவை சவரத்துக்கு வரப்போ பாத்துக்கறேன்," என்று கமோஷிதா முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தார்.

மிரட்டல் பலித்தது, சட்டை வரவில்லை. மீன்கடை நெமோதோ வந்து நின்றார், கடைத்தெருச் சங்கம் முழுக்கப் பின்னால். நெமோதோ ஆறடி ஆள், உள்ளங்கை துடுப்பு அகலம். கமோஷிதாவோடு பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகம். வாத்தியார்கள் 'எலெக்கி வாசிக்கிறவன் உருப்படமாட்டான்' என்று எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தடை போட்ட வருஷத்தில் இருவரும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தவர்கள். இப்போதும் 'ஷிராசு நால்வர்' என்று கடற்கரையில் கிடைக்கும் பொடிமீனின் பேரை வைத்துக்கொண்டு குழு நடத்துகிறார்கள். நெமோதோ பேஸ் கிட்டார், கமோஷிதா முதல் கிட்டார்.

"சிவப்பு இல்லாம அறுபது ஏதுடா?" என்று நெமோதோ கொண்டுவந்த நீளப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஒரு கிட்டார். ரத்தச் சிவப்பு. பளபளவென்று கண்ணைப் பறித்தது. நீளக் கிட்டார்.

"போன வருஷக் கடைசி விருந்துல நீ சொன்னியே, ஞாபகம் இருக்கா? 'நீளக் கிட்டாரை என் கையில குடுத்துப் பாருங்கடா, அழ வைக்கறேன்'னு. டோக்கியோவுக்கு நாலு தடவை அலைஞ்சேன்டா இதுக்காக. ஆகஸ்ட் திருவிழா மேடையில இதைத்தான் வாசிக்கறே. சங்கத்து நோட்டீஸ்ல போட்டாச்சு!"

எல்லாரும் கைதட்டினார்கள். கமோஷிதா இடுப்பை மடித்துக் குனிந்து நன்றி சொன்னார். குனிந்தவர் நிமிரக் கொஞ்சம் நேரமானது. பின்கட்டுக் கதவருகே நின்ற மிசாவோ கிட்டாரின் கழுத்தை ஒருமுறை பார்த்தாள், புருஷன் கையை ஒருமுறை பார்த்தாள், பார்லித் தேநீர் எடுத்து வரப் போனாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். பரிசை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது, கொடுத்தவன் கண்ணுக்கு முன்னால் அதைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும். உண்மையைச் சொன்னால் நாற்பது வருஷத் தொனி ஒரே நாளில் போய்விடும். நாலு தடவை டோக்கியோ போய் வந்த நெமோதோவின் முகம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால், தெருவே கூடி நிற்கிற மேடையில் முதல் கிட்டார்காரரின் மானம் போகும். இரண்டில் ஒன்று போயே தீரும், மனிதருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கடை மூடியதும் பயிற்சி. குழு வழக்கமாக முடிக்கிற பாட்டு ஒன்று உண்டு, நெமோதோ போட்டது. அதில் மூன்றாவது வரியில் கை அகல விரிய வேண்டும். குட்டைக் கிட்டாரில் சுண்டுவிரல் எப்படியோ எட்டிப் பிடித்துக்கொள்ளும். நீளக் கிட்டாரில் ஓர் அரிசியளவு முன்னால் நின்றுவிட்டது. டொய்ங் என்று ஒரு தப்புச் சுரம். மறுபடி டொய்ங். பதினொரு நாள் மிசாவோ பின்கட்டில் இருந்து அந்த டொய்ங்கைக் கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் முன்கட்டுக்கு வந்து, "ஏங்க, எட்டலையா?" என்றாள்.

"தொனி சரியில்ல."

"சரி, தொனியைக் கொஞ்சம் இப்படிக் குடுங்க." கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தாள். குட்டைக் கிட்டாரை அளந்தாள். சிவப்பை அளந்தாள். பிறகு சிவப்புக் கிட்டாரின் கழுத்து உச்சியிலிருந்து முதல் ஃபிரெட் என்கிற குறுக்குத் தகடு வரைக்கும் அளந்தாள்.

"மூணரைக்குக் கொஞ்சம் மேல. இதைக் கழிச்சா மிச்சம் அறுபத்தொண்ணு. முதல் கட்டத்துல எல்லாத் தந்தியையும் ஏதாவது வச்சு அமுக்கிப் பிடிச்சிட்டா? நீளமா இருந்தா மடிச்சுத் தைக்கணும், அவ்வளவுதானே."

"இது என்ன கால்சட்டையா? போடி, உனக்கென்ன தெரியும்," என்றார். அவள் போன கையோடு மேஜை இழுப்பறையைக் குடைந்து, தந்திகளை அமுக்கிப் பிடிக்கிற பழைய கேப்போ ஒன்றைத் தேடி எடுத்தார். தந்திகளை அரைச் சுரம் தளர்த்தி, முதல் ஃபிரெட்டில் கேப்போவை மாட்டினார். சுண்டுவிரல் போய் அழகாக உட்கார்ந்தது. அடேயப்பா! மனிதர் பலகை மேலேயே ஒரு குதி குதித்தார். யாராவது கேட்டால் கேப்போவும் தொனிக்காக என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அதற்குள் முடிவும் கட்டிவிட்டார்.

சந்தோஷம் அந்தப் பாட்டு முடியும் வரைதான். கடைசியில் வைப்ரேட்டோ கம்பியை அமுக்கி, அலை மடிந்து விழுகிற மாதிரி ஓர் இறக்கம் இறக்குவார். அதற்காகத்தான் ஊர் அவரைக் கேட்க வரும். கம்பியை அமுக்கினார், விட்டார். தந்திகள் கேப்போவுக்கு அடியில் சிக்கிக்கொண்டு, போன இடத்திலிருந்து திரும்பவில்லை. ஆறு தந்தியும் ஆறு வழியில் கத்தின.

"கம்பியைத் தொடாம வாசிச்சா போச்சு," என்றார் மனைவியிடம்.

"நெமோதோ சான்கிட்டச் சொல்லிடுங்களேன்."

"என்னன்னு?"

"எட்டலைன்னு."

"நீ உன் வேலையைப் பாரு!" என்று எரிந்து விழுந்தார். மிசாவோ தன் வேலையைப் பார்க்கப் போனாள். மறுநாள் காலைச் சோற்றோடு வழக்கமாக வரும் ஊறுகாய் வரவில்லை.

திருவிழாவன்று பிற்பகல் வெயில் மண்டையைப் பிளந்தது. ரயில் நிலையத்து முன்னால் மேடை. முன்வரிசையில் சங்கத்துக்காரர்கள் விசிறியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரம்ஸ் வாசிக்கும் கோவில் குரு வேர்த்து வழிந்தார்.

"அது என்னடா கழுத்துல இடுக்கி?" என்றார் நெமோதோ.

"தொனிக்கு."

"அப்படியா?" நெமோதோ பக்தியோடு தலையாட்டினார். அவர் என்றைக்கு நம்பாமல் இருந்தார்?

முதல் பாட்டு ஒழுங்காகப் போனது. இரண்டாவதும் தேறிவிட்டது. கடைசிப் பாட்டில் மூன்றாவது வரியும் தாண்டியாகிவிட்டது. கம்பியைத் தொடாதே, தொடாதே என்று கமோஷிதா மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனார். ஆனால் நாற்பது வருஷம் பழகிய கை யாரைக் கேட்டது? அந்த இடம் வந்ததும் அது பாட்டுக்குப் போய்க் கம்பியை அமுக்கிவிட்டது.

வந்த சத்தத்தைக் கேட்டு ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. குரு குச்சியை நிறுத்தினார். பாட்டு நின்றுபோனது.

நெமோதோ பேஸ் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றினார். மேடை விளிம்புக்கு வந்து, அந்த ஆறடி உடம்பை இரண்டாக மடித்துக் குனிந்தார். "மன்னிக்கணும். தேர்ந்தெடுத்தவன் நான்தான். பார்த்து வாங்கத் தெரியாம ஒரு கோளாறு கிட்டாரை வாங்கி, இவனை இத்தனை பேர் முன்னால அவமானப்படுத்திட்டேன். என் தப்பு."

நிமிரவில்லை அந்த மனுஷன். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. காது சிவந்திருந்தது. தன் மானத்தைப் பற்றி ஒரு மாசமாகக் கணக்குப் போட்ட கமோஷிதாவுக்கு, இந்தத் தலை குனியும் என்று தோன்றவே இல்லை. ஓடிப்போய் நெமோதோவின் தோளைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார். அதற்கும் உயரம் போதவில்லை. மைக்கைப் பிடுங்கினார்.

"கிட்டார்ல ஒரு கோளாறும் இல்ல! நல்ல கிட்டார். நான் தொட்டதுலேயே நல்ல கிட்டார்." "என் கைதான் குட்டை. சுண்டுவிரல் எட்டல. எட்டாததுனாலதான் இடுக்கி போட்டேன். இடுக்கி போட்டதுனாலதான் இந்தக் கண்றாவிச் சத்தம்."

நெமோதோ மெதுவாக நிமிர்ந்தார்.

"எட்டலையா?"

"எட்டல."

"அப்ப நாற்பது வருஷமா அந்தத் தொனி?"

"தொனியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

நெமோதோ தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி! எத்தனை பேர்கிட்ட உன் தொனியைப் பத்திப் பெருமையடிச்சிருக்கேன் நான்!" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முன்வரிசையில் யாரோ, "கத்தி இல்லாத இடத்துல சொன்னாரே, அதுவரைக்கும் நல்லது!" என்று கத்தினார்கள். தெருவே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே மிசாவோ படியேறி வந்தாள். கையில் துணி சுற்றிய நீள மூட்டை. யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்தது இடது பக்கத்துப் பெரிய இடத்துப் பொண்ணு. அதன் தோள்வார் மட்டும் புதிது, சிவப்புப் பட்டில் மடித்துத் தைத்தது. அறுபதுக்குச் சிவப்பு வேண்டுமே. புருஷன் தோளில் மாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

சிவப்புக் கிட்டாரை நெமோதோ நடு மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்கள். கடைசியில் கமோஷிதா கம்பியை அமுக்க, சுருதி மடிந்து இறங்கி, சொன்ன சொல் தவறாமல் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அந்தக் கைக்குழந்தைகூட வாயை மூடிக்கொண்டு கேட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் கமோஷிதா புதுக் கால்சட்டை வாங்கி வந்தார். வழக்கம்போல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போகவில்லை. மாட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வந்து நின்றார். கால்சட்டை நுனி தரையைப் பெருக்கியது.

"மிசாவோ, ஏழு சென்டிமீட்டர் குறைக்கணும்."

மிசாவோ குண்டூசிப் பெட்டியோடு கீழே மண்டியிட்டு, துணியை மடித்துப் பிடித்தாள். உடனே குத்தவில்லை. தலை நிமிராமலே கேட்டாள். "தொனிக்காகவா?"

"இல்லடி," என்றார் கமோஷிதா. "கால் குட்டை."