துரை காருக்கு டயர் மாற்றிய கதை

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சம்சாரம். மூத்தவள் நான். இளையவள், எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன துரையிடமிருந்து அவர் வாங்கிய பழைய கார். எனக்குத் தலைவலி என்றால் "தைலம் தடவிக்க" என்று சொல்லிவிட்டுப் போவார். காருக்கு இருமல் வந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்தக் காரில் நான் போன மிக நீண்ட பயணம் எங்கள் லயத்து வீட்டிலிருந்து மாரியம்மன் கோவில் வரை. நடந்தால் பத்து நிமிடம். மலையிறங்கலாம் என்றால் மழை என்பார், பனி என்பார், இரண்டும் இல்லாத நாளில் ராகுகாலம் என்பார். சேறு பட்டுவிடும் என்ற கவலை என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த முறை நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கீழே ஈப்போவில் மகளுக்கு வளைகாப்பு. "அப்பா கார்லயே வாங்கம்மா" என்று அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தாள்.

"பஸ்ல போலாம்லா," என்றார் இவர்.

"நீங்க பஸ்ல வாங்க. நான் கார்ல போறேன்," என்றேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

மலை ரோடு, டயரைக் காட்டிவிட்டே போவோம் என்று நான் சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது. பிரிஞ்சாங் டவுனில் பாய் ஒருவரின் டயர் கடைக்குப் போனோம். டயரில் ஓடும் பள்ளங்களை மலாய்க்காரர்களைப் போல நாங்களும் புங்கா என்போம். "புங்கா பாருங்க பாய், புதுசு மாதிரி இருக்கு," என்று இவர் முந்திக்கொண்டார்.

"ஓடினாத்தானே அண்ணே தேயும்?" என்றார் பாய். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் இவர் டயர்களுக்குச் சந்தனம் வைப்பார். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்து வைத்து அது காய்ந்த வடாம் போல ஒட்டியிருந்தது. பாய் ஈரத்துணியால் அதைத் தேய்த்தார். அடியில் நாலு எண்கள் தெரிந்தன. சுற்றிலும் பாளம் பாளமாக வெடிப்பு. என் குதிகால் எவ்வளவோ தேவலை.

"இதான் டயரோட பொறந்த தேதி, அக்கா. கடைசி ரெண்டும் வருசம்," என்றார் பாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வருடம் என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு.

மற்ற மூன்று டயர்களையும் பார்த்தேன். சந்தனம் சொல்லி வைத்தாற்போல அதே இடத்தில், எண்களை மூடிக்கொண்டு.

"தெரியுமா உங்களுக்கு?"

இவர் எதிர்க்கடைப் பலகையைப் படித்துக்கொண்டே, "தெரியும். அந்த டயர்ல உன்ன வச்சிக்கிட்டு எப்படி மலை எறங்குறது?" என்றார்.

"மாத்த வேண்டியதுதானே?"

பழைய டயரில் வெள்ளை வளையம் இருந்தது. அதே மாதிரி வேண்டும் என்று காரைக் காட்டாமலே பாயிடம் பல தடவை கேட்டிருக்கிறாராம். அந்த அளவில் அது இங்கே வருவதில்லை. இருப்பது தடித்த கறுப்பு டயர் மட்டும். "இத மாட்டினா கியா பார்ம் சந்தைக்குப் போற முட்டைக்கோஸ் வேன் மாதிரி இருக்கும்," என்றார்.

ஒரு வெள்ளை வளையத்துக்காக என்னைக் கோவிலோடு நிறுத்தி வைத்திருக்கிறார் மனுசன்! கோபம் வந்தது. என்னை வைத்து ஓட்டப் பயந்திருக்கிறாரே என்று மனசும் இளகியது. கோபத்தை மட்டும் காட்டினேன்.

காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "மாட்டுங்க பாய்," என்றார். மகளைக் கட்டிக்கொடுத்த அன்றுகூட அவர் கண் அப்படிக் கலங்கவில்லை. மாட்டி முடித்ததும் பார்த்தால், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கிற ரப்பர் பூட்ஸ் போட்ட மாதிரி இருந்தது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஞாயிறு காலை, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, டயர்களுக்குச் சந்தனமும் வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். பொட்டு தள்ளி இருந்தது. நாலு எண்களும் பளிச்சென்று தெரிந்தன.

"என்னங்க, இடம் மாறிப்போச்சு?"

"நீ பாக்கணும்ல," என்றார். "டயருக்கு வயசானா நீயே சொல்லு, மாத்திடலாம்."

முன் கதவைத் திறந்துவிட்டார். அன்று பனியும் இருந்தது, தூறலும் இருந்தது. இரண்டைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.