அக்காவுடன் பாலம் கடந்த சனிக்கிழமை

சிங்கப்பூர்ப் புறநகர் ஒன்றில், அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே தூண்கள் மேல் நிற்கிறது அந்த எல்.ஆர்.டி ரயில் நிலையம். நடைமேடையில் நின்றால் எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிக்குள் யாராவது காப்பி கலக்குவது தெரியும். மலேசியாவின் ஜோகூரில், செடெனாக்கில் விடியுமுன் கிளம்பி, கடற்பாலம் தாண்டி நான் வேலைக்குப் போகும் வழி அது.

அதே நடைமேடையில் நான் தினமும் பார்க்கும் அக்காவும் ஜோகூர்க்காரர், ஊர் கூலாய். பல் கிளினிக் ஒன்றில் உதவியாளர். ஒருநாள் நடைமேடையில் தன் ரொட்டியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். பழக்கம் அப்படித் தொடங்கியது. பெயர் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவருக்கு நான் தங்கச்சி. அவர் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. டயாலிசிஸுக்கு மகள்தான் கூட்டிப்போவாள்.

அன்று சனிக்கிழமை. ரயில் உள்ளே வரும் நேரத்தில் அக்காவின் கைப்பேசி அடித்தது. அவருக்கு ஒரு காது மந்தம்.

“மகதான். ஒண்ணுமே கேக்கல, நீ பேசு லா” என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

“அம்மா பக்கத்துல இருக்காங்களா?” என்றாள் மகள். “அப்பா போயிட்டாங்க. இப்ப சொல்லாதீங்க, ப்ளீஸ். எப்படியாச்சும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க.”

ரயில் போய்விட்டது. மாமாவுக்கு முடியவில்லையாம், திரும்பிப் போகலாம் என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். படியிறங்கினார். பேருந்து நிறுத்தத்திலிருந்து என் அலுவலகத்துக்கு லீவு சொன்னேன்.

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. ஜோகூருக்குச் சாப்பிடவும் சாமான் வாங்கவும் போகும் குடும்பங்கள் குடிநுழைவுச் சோதனையில் வளைந்து வளைந்து நின்றன. பிள்ளைகள் காலிப் பெட்டிகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்காவிடம் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“தங்கச்சி, நீ ஒண்ணும் சொல்லாத. உன் மூஞ்சியிலயே தெரியுது. இங்க அழுதா ஆபிசர்ங்க தனியா கூப்பிட்டு வெச்சிடுவாங்க, வீட்டுக்குப் போக நேரமாயிடும். அந்தப் பக்கம் போயி கேட்டுக்கறேன்.”

பிறகு வரிசையில் நகர்ந்தார். கடப்பிதழை நீட்டினார், கேமராவைப் பார்த்தார், கட்டைவிரலை வைத்தார். பாலத்தில் பேருந்து ஊர்ந்த நேரமெல்லாம் கடலைப் பார்த்தபடி நின்றார். பேருந்தில் ஏறியதும் மறுபடி பிடித்த என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

ஜோகூர் பக்கத்துக் குடிநுழைவு முகப்பையும் தாண்டி நீண்ட நடைபாதைக்கு வந்ததும் நின்றார்.

“இப்ப சொல்லு.”

“மாமா போயிட்டாங்க அக்கா.”

“நான் கெளம்பறப்ப ஃபேன் போடச் சொன்னாரே” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் அழுகை வந்தது. கூட்டம் எங்களைச் சுற்றிப் பிரிந்து போனது. முக்காடிட்ட மலாய்ப் பெண் ஒருவர் மட்டும் குனிந்து, “சபார், காக், சபார்” என்று முதுகைத் தடவினார். அதையே, பொறுத்துக்கொள் அக்கா என்று, யாராவது தமிழில் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அந்தக் கை தடவியபோது நானும் அழுதேன்.

காரியம் எல்லாம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினார். ஆனால் நடைமேடையின் மறுகோடியில் போய் நின்றார். பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். முதலில் வலித்தது. அந்தச் செய்தியை அவருக்குச் சொன்ன வாய் என்னுடையது; அதனால்தான் விலகுகிறார் என்று பிறகு ஏற்றுக்கொண்டேன். நானாகப் போய்ப் பேசவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் அவரே நடந்து வந்தார்.

“கூலாயிலயே வேலை கெடச்சிருச்சு. இன்னிக்குத்தான் இங்க கடைசி” என்றார். தன் பை வாரைச் சரிசெய்துகொண்டார். “உன்னைப் பாத்தா அந்த கியூ ஞாபகம் வருது மா. மனசுல வெச்சுக்காத.”

“இல்லக்கா” என்றேன்.

ரயில் வந்தது. சேர்ந்து ஏறினோம். பிடிக்க இடமில்லாத கூட்டம். அவர் இறங்கும் நிலையம் வரை என் தோளைப் பிடித்தபடி நின்றார்.