ஏழிலிருந்து பத்துக்கு

கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை மாற்றுவதற்கு ஒரு வருஷமா யோசிப்பார்கள் என்று என்னைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது. கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்துகிற அந்த மென்பொருள் எங்களுடையதில் ஏழாம் பதிப்பு. ஊரில் எல்லாரும் பத்துக்குப் போய், பத்தையும் விட்டுப் பதினொன்றுக்கு ஏறிவிட்டார்கள். நாங்கள் மட்டும் அந்த ஏழிலேயே குடியிருந்தோம்.

நான் புத்தளத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். சும்மா இருக்க எனக்குத் தெரியாது. வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டுப் பாடசாலைகளுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுப்பேன், கலியாணக் கார்ட் அடித்துக் கொடுப்பேன். கடலேரியான களப்புப் பக்கமிருந்து வருகிற உப்புக்காற்று எங்கள் தெருவில் ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். அதனால் வேலை முடிந்ததும் என் பழைய சேலையொன்றை அந்த மெஷினுக்குப் போர்த்திவிடுவேன். "எனக்கு ஒரு நாளாவது இப்படிப் போத்திவிட்டிருக்கியா?" என்பார் அவர். உப்பளக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் ஓய்வே இல்லை.

ஏழு வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது வரவரக் கஷ்டமாகிப் போனது. பாடசாலைகள் வினாத்தாளை இணையத்தில் ஏற்றச் சொல்லும். நான் ஏற்றப் போனால், உங்களுடையது பழையது, இதில் எங்கள் பக்கம் திறக்காது என்று திரை முகத்திலடித்த மாதிரிச் சொல்லும். உடனே பென்டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெயிலில், இணையமும் போட்டோகொப்பியும் உள்ள கொமியூனிகேஷன் கடைக்கு ஓட வேண்டும். அங்கே அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் நிற்கிறவர்களுக்குப் பின்னால் நானும் நிற்க வேண்டும். படிப்பித்த பிள்ளைகள் கதிரை எடுத்துத் தந்து, "இன்னும் மாத்தல்லயா டீச்சர்?" என்று கேட்பார்கள். எனக்கு மானம் போகும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் திருத்துகிற கடை வைத்திருப்பவர், தொண்ணூறில் மன்னாரிலிருந்து வாப்பா உம்மாவோடு வந்து இங்கேயே நிலைத்தவர். நல்ல மனுஷன். "பதினொண்டு இந்த மெஷினுக்கு ஏறாது டீச்சர். பத்து ஏறும். ஒரே நாள் வேலை" என்று எப்போதோ சொல்லிவிட்டார். நான்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். காரணம் ஒரு சீட்டாட்டம்.

அதைச் சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக்காரருடைய கையைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு காலையில் தேத்தண்ணீர்க் கோப்பை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. கோப்பையை உடைத்தாரே என்று ஏசிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணி நிற்கிறது. அல்லாஹ்வே! அன்றைக்கு ஏசியதை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், வாய் திரும்பி வந்தது, கால் வந்தது. வலது கை மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற சிங்களப் பெண் எங்களுக்காகவே தமிழ் கதைப்பாள். "ஐயா, விரலுக்கு வேலை குடுங்க" என்று உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளையும் பொத்தான்களையும் பொறுக்கச் சொன்னாள். இவர் இரண்டு நாள் பொறுக்கினார். மூன்றாம் நாள், "நான் என்ன நேர்சரிப் பிள்ளையா?" என்று தட்டோடு தள்ளிவிட்டார். கெஞ்சினேன், ஏசினேன், கதைக்காமல் இருந்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. ஒரு நாள் நான் குளித்துவிட்டு வந்தபோது என் மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஏழோடு கூடவே வந்த விளையாட்டு அது. கறுப்பும் சிவப்புமாக மாற்றி மாற்றி அடுக்க வேண்டும், முடித்தால் சீட்டெல்லாம் துள்ளித் துள்ளி விழும். கீழே ஒரு மூலையில் எவ்வளவு நேரம் எடுத்தது என்றும் காட்டும். முதல் ஆட்டம் முடிக்க முப்பத்தெட்டு நிமிஷம் எடுத்தார். வலது கை நடுங்க நடுங்க அவர் ஒவ்வொரு சீட்டாக இழுத்ததை நான் பின்னால் நின்று பார்த்து அழுதேன்.

ஆனால் எங்கள் வீட்டில் சீட்டு! அவருடைய அக்கா, அவர் கூப்பிடுவது லாத்தா, எனக்கு மதினி, அடுத்த வளவில்தான் இருக்கிறார். பின்கதவால் கூப்பிடாமலே வருவார். சீட்டுக்கட்டைக் கண்ணால் கண்டாலே ஷைத்தானை விரட்ட அவுதுபில்லாஹ் சொல்லுகிறவர். இது வைத்தியம், காசு வைத்து ஆடுவதில்லை என்று அவருக்கு விளங்கப்படுத்த எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் முன்னறை வாசலுக்கு ஒரு துணித் திரை தைத்துப் போட்டேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து இவர் திரையை இழுத்து மூடிக்கொண்டு உட்காருவார். நான் அடுப்போடு குசினியில் காவல். மதினியின் செருப்புச் சத்தம் கேட்டால் இருமுவேன்.

ஆட்டம் முடிந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து நிமிஷத்தைச் சொல்லிக் கத்துவார். நான் குசினிச் சுவரில் தொங்குகிற கலண்டரில் அந்த நாளின் கட்டத்தில் எழுதுவேன். முப்பது, இருபத்தாறு, இருபது என்று இறங்கி, பதினேழில் வந்து நின்றுகொண்டது. மாதக்கணக்காகப் பதினேழுதான். நான் விடவில்லை. சிலாபம் பக்கத்தில் ஒரு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி வந்து காலையும் மாலையும் தேய்த்தேன். தேய்க்கத் தொடங்கிச் சில நாளில் பதினொன்று. பிறகு எட்டு. பிறகு ஐந்து! மாஷா அல்லாஹ், எனக்குத் தலைகால் தெரியவில்லை. தெருவில் பாதிப் பேருக்கு அந்த எண்ணெயை வாங்கச் சொல்லிவிட்டேன். டெலிபோனில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் "கை வந்துட்டு" என்று அறிவித்தேன். ஐந்து நிமிஷத்தில் முடிக்கிற கைக்கு எதற்கு எண்ணெய் என்று தேய்ப்பதை விட்டேன். கிளினிக்குக்குப் போவதையும் விட்டோம்.

இதற்கு நடுவில், ஆட்டம் பதினேழிலேயே நின்ற மாதங்களில், அவர் சீட்டை இழுக்கிறேன் என்று ஒரு மணப்பெண்ணின் கலியாணக் கார்டை இழுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். அன்றைக்கு நடந்த சண்டையில் அதே கம்ப்யூட்டருக்குள் அவருக்கென்று ஒரு தனிப் பக்கம் திறந்து கொடுத்தேன். அவர் பக்கத்தில் அவர், என் பக்கத்தில் நான். "முப்பத்தஞ்சு வருஷத்துக்குப் பிறகு வீட்டப் பிரிச்சிட்டாளே" என்று போவோர் வருவோரிடமெல்லாம் முறையிட்டார்.

பத்துக்குப் போனால் அந்த விளையாட்டு இருக்காது என்று கடைக்காரர் சொன்னார். வேறொன்று இருக்குமாம், அது விளம்பரம் காட்டிக் காட்டி ஆடுமாம். எனக்குப் பயம் வந்துவிட்டது. நிமிஷம் காட்டுகிற அந்தப் பழைய ஆட்டம் போனால் இவர் பழையபடி முரண்டு பிடித்துக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்? வேலையைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா? கலியாணம், காணி, வெளிநாட்டுப் பயணம் என்றால் இஸ்திகாரா தொழுது, எது நல்லதோ அதைக் காட்டு என்று அல்லாஹ்விடம் கேட்போம். கம்ப்யூட்டருக்கு யாராவது தொழுதிருக்கிறார்களா தெரியாது. நான் தொழுதேன். நடுப்பகல் லுஹருக்குப் பிறகு இரண்டு ரக்அத்.

"என்ன கேட்ட? ஏழா பத்தா எண்டா?" என்று கதிரையிலிருந்து சிரித்தார்.

"கேட்டா என்ன? ஒங்களக் கட்டவும்தான் கேட்டுத் தொழுத. அதுக்கு என்ன பதில் வந்திச்செண்டு பாருங்க!"

கொஞ்சம் சாய்ந்தபோது வந்த கனவில் முருங்கை மரம் முறிந்து விழுந்தது. அதில் ஏழும் இல்லை, பத்தும் இல்லை.

பிறகு ஒரு பாடசாலை அதிபர் டெலிபோனில் கோல் எடுத்தார். "டீச்சர், ஒங்கட வேல சுத்தம். ஆனா பேப்பர் வந்து சேரச் சுணங்குது. அடுத்த தவணைப் பரீட்சைக்கு வேறொருவருக்குக் குடுக்கட்டுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். டெலிபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் வாசலில் நிற்கிறார்.

"மாத்து" என்றார்.

"ஒங்கட ஆட்டம்?"

"கைதான் சுகமாயிட்டுதே. அஞ்சு நிமிஷத்துக்கு வந்துட்டன். இனி என்னத்துக்கு எனக்குச் சீட்டும் கீட்டும்? மாத்து புள்ள."

அந்தச் சொல்லைக் கேட்டு நான் பட்ட சந்தோஷத்தை எழுத முடியாது. கை சுகமாயிட்டுது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்! அடுத்த நாளே சேலையைச் சுற்றி மெஷினை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மூடியைத் திறந்து உப்புத் துருவைத் துடைத்தார். பிறகு எங்கள் இருவரின் பக்கத்திலும் இருப்பதைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும் என்று என் பக்கத்தைத் திறந்து முடித்துவிட்டு, அவர் பக்கத்தைத் திறந்தார். அங்கே மவுஸை அழுத்தினால் ஒன்று கேட்க வேறொன்று வந்தது. இரண்டு தரம், மூன்று தரம் அழுத்திப் பார்த்தார்.

"மவுசும் பழுதா?" என்றேன்.

"இல்ல டீச்சர். இவர்ட பக்கத்தில மட்டும் பட்டனை மாத்தி வச்சிருக்கு. இடது கையால ஆடுறவங்களுக்கு வைக்கிற மாதிரி. ஐயா இடது கைக்காரரா?"

வெளியே கொழும்பு பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பதினேழிலேயே நின்றது, திடீரென்று பதினொன்றானது, எட்டானது, ஐந்தானது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன. மதினிக்கு மறைக்கவென்று நான் தைத்த திரையை என்னிடம் மறைக்கத்தான் மூடியிருக்கிறார். ஆடி முடித்து மவுஸை வலது பக்கத்தில் திருப்பி வைத்துவிட்டு எழும்பியிருக்கிறார். பீங்கானைச் சுற்றிச் சோறு சிந்தும்போதெல்லாம், "டீவியப் பாத்துப் பாத்துச் சிந்துறீங்க" என்று நான் ஏசினேனே. தினம் மூன்று வேளையும் அவர் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தவள், கையை நம்பாமல் கலண்டரை நம்பியிருக்கிறேன். இடது கையால் ஒரு பழம்கூட வாங்காத மனுஷன், நான் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கை வருமென்று நம்பியிருந்ததைப் பொய்யாக்க மனமில்லாமல் இப்படிச் செய்திருக்கிறார்.

"என்ன செய்ய டீச்சர்? மாத்தவா, வேணாமா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மாத்துங்க" என்றேன். "ஆனா அந்தப் பழைய ஆட்டத்தை எங்கயாவது தேடி எடுத்து இவர்ட பக்கத்தில போட்டுத் தாங்க. ஏலுமா?"

"தேடினா ஏலும்."

"மவுஸ் இப்ப எப்பிடி இருக்கோ அப்பிடியே இருக்கட்டும்."

இரண்டு நாளில் மெஷின் வந்தது. என் பக்கத்தில் எல்லாம் திறந்தது, அதிபருக்கு வினாத்தாள் ஒரு நொடியில் போனது. நான் அதைக் கொண்டாடக்கூட இல்லை. அஸருக்குப் பிறகு, "ஒங்கட ஆட்டமும் இருக்கு, போய்ப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன். திரை மூடுகிற சத்தம் கேட்டது. தேங்காய் துருவிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

வெகுநேரத்துக்குப் பிறகு திரை வளையங்கள் சரசரவென்று ஓடின. திரை திறந்திருந்தது.

"எல்லாம் முன்ன மாதிரியே இருக்கு" என்றார். குரல் ஒரு மாதிரி.

"ஓம். முன்ன மாதிரிதான்."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

தலையைக் குனிந்துகொண்டார். "ஏசல்லயா?"

"ஏசத்தான் போறன். முதல்ல கையத் தாங்க."

எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வலது கையை என் மடியில் வைத்தார். பெருவிரல் உள்ளே மடிந்து இறுகிக் கிடந்தது. தேய்ப்பதை விட்டதிலிருந்து எண்ணெய் படாத கை. நான் விரல் விரலாகத் தேய்த்தேன். அவர் இடது கையால் சீட்டு அடுக்கினார். என் கண்ணீர் எண்ணெயோடு சேர்ந்து விழுந்ததை அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

இந்த லட்சணத்தில் நான் மதினியின் செருப்புச் சத்தத்தைக் கவனிக்கவில்லை. நிமிர்ந்தால் வாசலில் நிற்கிறார். இவர் பதறிப்போனார். ஆனால் ஒரு கை என் மடியில், மற்றக் கை மவுஸில். மறைக்க மூன்றாவது கை இல்லை.

மதினி கம்ப்யூட்டரில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தார். பிறகு என் மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கை இன்னும் வரல்லயா தம்பி?"

நான் ஒரு நாளும் கேட்காத கேள்வி. நிமிஷத்தைத்தான் கேட்டேன்.

"இல்ல லாத்தா" என்றார். ஒரு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னார்.

மதினி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்த்து, "அந்தச் சிவப்பு ஆற கறுப்பு ஏழில வையேன். கண்ணும் தெரியல்லயா?" என்றார்.

அவருக்கு இந்த ஆட்டம் எப்படித் தெரியும் என்று நாங்கள் இன்றுவரை கேட்கவில்லை. இவர் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது.

ஆட்டம் முடிந்து சீட்டெல்லாம் துள்ளி விழுந்தபோது அவர் நிமிஷம் சொல்லவில்லை. நான் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுக் கலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து, வருகிற திங்கட்கிழமைக் கட்டத்தில் 'கிளினிக்' என்று எழுதி அவர் முன்னால் பிடித்தேன்.

"வாறீங்களா?"

"ஓம்" என்றார். "கிளினிக்கில நீயும் உள்ளுக்கு வா."